மைதாப் பசையால் மூடிய பாடம்

பள்ளிக்கூட லேபில் அட்டெண்டராக இருப்பவளுக்கு எந்தப் பாடமும் தெரிய வேண்டியதில்லை, ஆனால் எல்லாப் பாடத்தையும் அவள்தான் தூசி தட்ட வேண்டும். புரியாத சரக்கைத் தினமும் கையால் தொட்டுப் பயந்தவர்கள் நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நான் ஆறாவதோடு நின்றவள். எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சுவரில் ஐந்து பேர்

லேபில் ஒரு படம் தொங்கியது. இடது ஓரத்தில் குரங்கு, வலது ஓரத்தில் மனிதன், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிற மூன்று பேர். ஆண்டவர் மண்ணைப் பிசைந்து ஆதாமைச் செய்தார் என்று மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்தவள் நான். இதைப் பார்க்கிற பிள்ளைகளின் ஆத்துமா என்னாகும், துடைக்கிற என் ஆத்துமா என்னாகும் என்று பயப்படுவேன். பெருக்கி முடித்ததும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுவேன்.

விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வரும் அறிவியல் டீச்சர் தையல்நாயகி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு படத்தை நேராக்கிக்கொண்டே சொன்னார்: “ரெஜினாக்கா, அம்மணமா நிக்கிறாங்கன்னு திருப்புறீங்களா? வேணும்னா ஆளுக்கொரு துண்டு கட்டி விடுங்க. கிளாஸ் நேரத்துல மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க.”

பாவசங்கீர்த்தனம்

மனசு கேட்காமல் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் கூண்டருகே முழங்காலிட்டேன். “சாமி, நான் தெனமும் கொரங்குப் படம் தொடைக்கிறேன்” என்றேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்கிறார்கள், அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவது நான், இதற்கு மன்னிப்பு உண்டா என்று மூச்சுவிடாமல் கேட்டேன். பின்னால் பெரிய வரிசை. கூண்டுக்குள் ஒரு பெருமூச்சு. “அது இருக்கட்டும்மா. கொழாயடியில பக்கத்து வூட்டம்மா கொடத்தைத் தூக்கி எறிஞ்சியே, அதை எப்பச் சொல்லப் போற?”

பசை

வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியே பாடப் புத்தகம் இரவல் கொடுக்கும். ஜூன் மாதம் அவற்றைச் செப்பனிடுவது என் வேலை. அந்த வருஷம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பாடங்களின் பக்கங்களை, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டி மூடிவிடுவேன். அதே பள்ளியில் படித்த என் மகள் பிலோமினா பத்தாவது வந்த வருஷம், நானாகவே இன்னொரு பாடத்தையும் ஒட்டினேன். பரிணாமம்தான். அவளுடைய இரவல் புத்தகத்தில் மட்டும் ஒட்டினால் தெரிந்துவிடும் என்று இரவல் புத்தகம் அத்தனையிலும் ஒட்டினேன். நர்ஸ் படிப்புக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த பிள்ளை. படித்து வரட்டும், சாமியை விட்டுவிடாமல் வரட்டும் என்று நினைத்தேன்.

நேரமில்லை என்று டீச்சரும் அந்தப் பாடத்தை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டார். அரையாண்டுப் பரீட்சையில் பெரிய கேள்வியே அதிலிருந்து வந்தது. சொந்தப் புத்தகம் வைத்திருந்தவர்கள் எழுதினார்கள். இரவல் புத்தகக்காரர்கள் ஒருத்தி விடாமல் வெற்றிடம் விட்டிருந்தார்கள். டீச்சர் பிலோமினாவை எழுப்பிக் கேட்டபோது நான் பின்னால் கண்ணாடிக் குவளை கழுவிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை சொன்ன பதிலில் குவளை கைநழுவி உடைந்தது. “ஒட்டியிருந்தா இந்த வருஷம் கெடையாதுன்னுதானே டீச்சர் அர்த்தம்?”

மதர் அறையில்

அவர்கள் கண்டுபிடிக்குமுன் நானே தலைமையாசிரியை மதரிடம் போய் நின்றேன். வேலை போனால் போகட்டும். அரசுப் பரீட்சையிலும் இப்படி ஆனால் பிலோமினாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் ஏது? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஆண்டவரைக் காப்பாத்த மைதா மாவு தேவையில்லம்மா. போயி மொதல்ல அந்தப் பிள்ளைங்களக் காப்பாத்து.”

ஆவியும் பேனாவும்

ஸ்பிரிட் விளக்கில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் காட்டிக் காட்டிப் பக்கங்களைப் பிரித்தேன். பூச்சி அரிக்காத பசை லேசில் விடுமா? வரி வரியாகக் காகிதம் பிய்ந்தது. பிய்ந்த இடத்தையெல்லாம் டீச்சர் புத்தகத்தைப் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் என் கையால் எழுதி ஒட்டினேன். கருவிலே மீனுக்கும் கோழிக்கும் மனிதனுக்கும் கழுத்தோரம் ஒரே மாதிரி மடிப்புகள் உண்டு என்று எழுதியபோது கை நின்றது. பிலோமினா வயிற்றில் இருந்தபோது அவளுக்கும் இருந்திருக்குமா? அலமாரியில் கோழிக்கருப் புட்டியைப் பல வருஷமாகத் துடைத்தவள், அன்றுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மண்ணாக இருந்தாலும் மீனாக இருந்தாலும் செய்தவர் பொறுமையாகத்தான் செய்திருக்கிறார் என்று தோன்றியது. தோன்றியதற்காகவும் பயந்தேன்.

அரசுப் பரீட்சையன்று கேட்டருகே காலையிலிருந்து நின்றேன். மணியடித்துப் பிலோமினா வெளியே வந்தாள். அவளே என் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்தக் கேள்வி வந்துச்சும்மா. எழுத எழுத உன் கோணக் கையெழுத்துதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.”

மனிதன் எதிலிருந்து வந்தான் என்பதில் எனக்கு இப்போது சண்டையில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்பதைத்தான் எந்தப் புத்தகமும் விளக்கவில்லை.