வேண்டாம் என்பவர் எழுந்திருக்கலாம்

கிள்ளான் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்திலிருந்து பிரியாணி வாசனை வருகிறது. கால் தானாக உள்ளே போகிறது. நான் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். முன்னால் வெள்ளை அங்கியில் மண்டியிட்டிருப்பவன் அவள் மகனாம். இன்று பாஸ்டர் ஆகிறான்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படி நடுங்குற? அவனுக்குப் பல்லா புடுங்குறாங்க?"

"சும்மா இருங்க ஆன்டி. இவரு வேணாம்னு சொல்றவங்க இருக்கீங்களான்னு பிஷப் இப்பக் கேப்பாரு. யாராச்சும் எழுந்து சொன்னா, தலையில கை வச்சு பாஸ்டராக்காம நிறுத்திருவாரு."

"யாரு சொல்லப் போறா?"

"பின்னால பாருங்க, அவனோட அப்பா. ரயில்வே வேலைய விட்டுட்டு இந்தப் படிப்புக்குப் போனான்னு மூணு வருசமா மகன்கிட்டப் பேசல."

பிஷப் கேட்கிறார். எனக்கு அப்போதுதான் இருமல் வருகிறது. அந்த அம்மா என் வாயைப் பொத்துகிறாள். பின்னால் பெஞ்சு கிறீச்சிடுகிறது. அப்பா எழுந்துவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. அவள் நகம் என் கையில் இறங்குகிறது.

அவர் சுவரோரம் நடந்துபோய், மகனுக்கு மேலே சுற்றும் விசிறியின் சுவிட்சைக் கடைசிவரை திருப்புகிறார்.

"அவனுக்கு வேர்க்குதுலா," என்று பிஷப்பிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்காருகிறார்.