களைக்கு வைத்த பெயர்

தெல்தோட்டைச் சாலையோரம் முன்பின் தெரியாத ஒரு பெண், தன் மகனின் முழங்கால் சிராய்ப்பில் ஏதோ இலையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த வாடை என்னை நிறுத்திவிட்டது.

இந்த மலையில் காப்பி விளைந்த கோப்பிக் காலத்தில் என் அம்மாவின் விரல்களில் எப்போதும் இருந்த வாடை அது. கோப்பி நிரைகளுக்கிடையே ஊதாப் பஞ்சுபோலப் பூத்து மண்டிய களை. விதை சிந்துமுன் பிடுங்கி, இடுப்புச் சாக்கில் போட வேண்டும். ஊரில் பார்த்திராத செடி என்பதால் கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். திருச்சிக்காரர்களுக்கு ஊதாத் தும்பை. மதுரைப் பக்கத்தாருக்குத் துரைப் பூ. அம்மா மட்டும், கடல் கடந்து மன்னாரில் இறங்கி மலைக்கு நடந்துவந்த வழியில் காய்ச்சலில் இறந்த என் அக்காவின் பெயரைச் சொல்லுவாள். நிரைக் கடைசியில் ஒரு செடியை விட்டும் வைப்பாள்.

"ஏன் புள்ள, அத மட்டும் விட்டுட்ட?" என்று கங்காணி கத்துவார்.

"அது செல்லாயிங்க. நிக்கட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் வெட்கம் தாங்காமல் நானே அதைப் பிடுங்கிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை; அடுத்த நிரைக் கடைசியில் வேறொரு செடியை விட்டுவைத்தாள்.

இலைநோய் விழுந்து கோப்பி அழிந்தது. அம்மாவும் போய்விட்டாள்.

"இது என்ன இலைம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"செல்லாயிப் பூங்க. யாரு வச்ச பேரோ தெரியல, எங்க தோட்டத்துல எல்லாரும் அப்புடித்தான் சொல்றோம்."