சோனாமார்க்கில் மைனஸ் ஐந்து

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரே பேச்சுதான். செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி, ஷட்டரை எப்போது திறப்பான், நாளைக்கு லீவு விடுவானா. பிள்ளைப்பாக்கத்தில் நான் ஏறும்போதே ஆளுக்கொரு போனில் மழை மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று விடிகாலையில் நான் மட்டும் வேறொரு மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வங்காள விரிகுடாவே கிடையாது. காஷ்மீரும் லடாக்கும் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

அப்பா அங்கேதான் இருந்தார். லடாக்குக்கு டயர் லோடு. முப்பது வருஷம் லாரி ஓட்டியும் நாக்பூரைத் தாண்டாதவர், ஒரு தடவையாவது பனியைப் பார்க்கணும் என்று இந்த லோடை மட்டும் ஓனரிடம் கெஞ்சி வாங்கினார். "வண்டிக்கு ஒண்ணு ஆச்சு, அப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது" என்று சொல்லித்தான் ஓனர் சாவியைக் கொடுத்தார்.

அப்பா, அம்மா இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் டீசல் இன்ஜின் டெஸ்டிங்கில் வேலை. அப்பா கிளம்பிய நாளிலிருந்து அவர் போகிற ஊர்களின் வானிலை அறிக்கையைத் தினமும் படித்தேன். ஆரம்பத்தில் கவலையில் படித்தேன். போகப் போக, டிவி தொடருக்குக் காத்திருப்பதைப் போல அதற்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைய அறிக்கை இதுவரை படித்ததிலேயே பெரியது. மேற்கிலிருந்து குளிர்காற்று வருகிறது. மலையில் மோதி மேலே ஏறும். இன்று மாலை முதல் நாளை காலை வரை உயரமான இடங்களில் பனி கொட்டும். சோஜிலா கணவாய் மூடப்படலாம். சோனாமார்க்கில் இரவு வெப்பநிலை மைனஸ் ஐந்து. அப்பா முந்தின நாளிலிருந்து அந்த சோனாமார்க்கில்தான், கணவாய்க்கு ஏற முறை வரும் என்று லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா பனி பாக்கப் போறாரு!" என்று கத்தியே விட்டேன்.

பக்கத்து சீட் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வூட்டு வாசல்ல முழங்கால் தண்ணி. உனக்கு ஐஸு கேக்குதா?"

"ஃப்ரிட்ஜைத் தொறந்து பாத்துக்கம்மா, பஸ்ஸு செலவு மிச்சம்" என்றது பின் சீட்.

நான் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். உள்ளே போன் கூடாது என்பதால் அதை லாக்கரில் வைத்தேன். டெஸ்டிங்கில் முதல் இன்ஜினை மாட்டி, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற, பனியிலும் உறையாத கூலன்ட்டின் வால்வைத் திறந்தேன். கண்ணாடிக் குழாயில் ரோஸ் நிறத்தில் அது ஓடியதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

நாலு நாள் முன்னால் ஜான்சி பக்கத்திலிருந்து அப்பா பேசியது நினைவுக்கு வந்தது. "ரேடியேட்டர் ஓஸு புட்டுக்கிச்சும்மா. மாத்திட்டேன். தண்ணி ஊத்திக்கினேன். வண்டி சோக்கா ஓடுது." நானும் சரி என்றுதான் சொன்னேன். எங்கள் ஊர் வெயிலில் ஓடுகிற லாரிக்கு ரேடியேட்டரில் பச்சைத்தண்ணி ஊற்றுவதை யாரும் தப்பு என்றே நினைப்பதில்லை. ஆனால் மைனஸ் ஐந்தில் அது உறையும். உறைகிற தண்ணீர் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் இன்ஜினின் இரும்பைப் பிளக்கும். பாலிடெக்னிக்கில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். போனில் கேட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை.

டீ டைமுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

"இன்னாமா, இன்ஜினை முறைச்சுக்கினு நிக்கிற?" என்றார் சூப்பர்வைசர்.

"சார், எங்கப்பா வண்டில வெறும் தண்ணி சார்."

"பாதி ஊரு வண்டில அதான்."

"சோனாமார்க் சார். இன்னிக்கு மைனஸ் அஞ்சு."

அவர் ஒரு நிமிஷம் குழாயைப் பார்த்தார். "டீ டைம்ல அஞ்சு நிமிஷம் சேத்து எடுத்துக்க" என்றார்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் எடுக்காது என்பதால் அப்பாவின் போன் அங்கே வேலை செய்யவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நாமக்கல் டிரைவரின் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த நம்பருக்கு அடித்தேன்.

"ஏனுங்க அம்மணி, அப்பா டீ குடிக்கறாருங்க. இருங்க குடுக்கறேன்."

நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அப்பா சிரித்தார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ரேடியேட்டர்ல தண்ணி ஊத்திக்கினு கீறேன்மா."

"அப்பா, போன வருஷம் சோடா பாட்டிலை ஃப்ரீசர்ல வெச்சு மறந்துட்டியே. என்னாச்சு?"

"வெடிச்சுது" என்றார் மெதுவாக. "அது கண்ணாடிம்மா."

"இரும்பும் வெடிக்கும்."

"சரி, இன்ஜினை ஆஃப் பண்ணாம ஓட வுட்டுடறேன்."

"ரோடு எத்தினி நாள் மூடுவான்னு தெரியாது. டீசல் தீந்தா?"

"கூலன்ட் வாங்கிட்டா?" என்றார்.

"கடை எங்க?"

"மலைக்குக் கீழ, கங்கன்ற ஊருல. முன்னயும் வண்டி, பின்னயும் வண்டி. திருப்ப முடியாது." இப்போது அவர் சிரிக்கவில்லை. "இன்னா பண்ணட்டும், சொல்லு."

அப்பா என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மொத்த தண்ணியையும் இறக்கிடு. நான் சாப்பாட்டு நேரத்துல வீடியோ கால்ல வரேன்."

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பக்கமே போகவில்லை. லாக்கர் ரூம் வாசலில் நின்றேன். இங்கே தகரக் கூரையில் மழை. போனில் சாம்பல் நிற மலைகள், குல்லாய் போட்ட அப்பா. நாமக்கல் டிரைவர் போனைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ரேடியேட்டர் குழாயை அப்பா ஏற்கெனவே திறந்து விட்டிருந்தார்.

"அவ்ளோதாம்மா, காலி."

"இல்லப்பா. இன்ஜினுக்குள்ள இன்னும் நிக்குது. ஆயில் கூலர் தெரியுதா? அதுக்குக் கீழ ஒரு போல்ட்."

"இதுவா?"

"அது ஆயில்! கைய எடு! இன்னும் இந்தப் பக்கம்."

"கத்தாத, காது அடைக்குது."

அப்பா வண்டியில் இருந்ததும் எங்கள் கம்பெனி இன்ஜின்தான்; தினமும் நூறு முறை என் கை தொடும் போல்ட் அது. படம் உடைந்து உடைந்து வந்தாலும் எனக்கு இடம் தெரிந்தது. ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை திரும்பியது. துரு நிறத் தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் கொட்டியது. அப்பா மலையே அதிரும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"எத்தனை தண்ணி நின்னிருக்குது பாருங்க!" என்றார் நாமக்கல்காரர். "அம்மணி, எம்பட வண்டியும் பாத்துச் சொல்லோணும்."

அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டே, "தண்ணி இல்லாத வண்டி எப்படிம்மா ஓடும்?" என்று நாலு முறை கேட்டாள். நாலு முறையும் விளக்கினேன். ஏதாவது ஒரு மூலையில் தண்ணீர் நின்றிருந்தால் என்ற யோசனையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் ஒரகடத்தை நெருங்கும்போது நாமக்கல்காரர் நம்பரிலிருந்து போட்டோ வந்தது. வரிசை முழுக்க வெள்ளை. எது அப்பா வண்டி என்றே தெரியவில்லை. அறிக்கை சொன்னது சொன்னபடி கொட்டியிருந்தது. போனைப் பக்கத்து சீட் அக்காவிடம் காட்டினேன். அது பஸ்ஸின் கடைசி சீட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

டீ டைமில் அப்பாவே கூப்பிட்டார். "ரோட்டோர டாபா ஓட்டல்ல நாலு அண்டா வெந்நீர் வாங்கி ஊத்திட்டேன். எங்கயும் ஒழுகல. இரு, சாவி போடறேன்."

இன்ஜின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் தினமும் எட்டு மணி நேரம் கேட்கிறேன். சரியாக ஓடுகிறதா என்று சொல்ல எனக்கு மீட்டர் வேண்டாம். லாக்கர் ரூமில் குதித்தேன். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி நின்னவன் வண்டி இன்ஜின் பொளந்துக்கிச்சும்மா. அழுதுகினு கீறான்" என்றார் அப்பா. "நாங்க ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

"கார்கில்ல கூலன்ட் ஊத்தற வரைக்கும் தினமும் சாயங்காலம் இறக்கிடணும். மறக்காத."

"மறப்பேனா? இன்னிக்கு இன்னா போட்டுக்கீது? ரோடு தொறப்பானா?"

நான் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பனி நின்றுவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில். நாளை ரோடு சுத்தம் செய்வார்கள். அங்கே யாரோ இந்தியில் என்னவோ கேட்டார்கள். அப்பா போனை வாயிலிருந்து எடுக்காமலே, லாரியில் கற்ற இந்தியில், வரிசைக்கே கேட்கும்படி கத்தினார்.

"தோ பஜே தூப்! மேரா பேட்டி போலா!"

இரண்டு மணிக்கு வெயில். என் பொண்ணு சொல்லிச்சு.