என் வேடம் கட்டிய பெண்

முதலில் வந்தது அக்கி. இடது இடுப்பிலிருந்து முதுகு வரை, சுடுதண்ணீர் கொட்டியதுபோலக் கொப்புளங்கள். குன்னத்தில் அப்போது அக்கிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கமில்லை. மண்பாண்டம் செய்கிறவர் ஒருவர் காவியைக் குழைத்து என் இடுப்பைச் சுற்றி எழுதிவிட்டார். எரிச்சல் தணிந்தது. பருத்தி எடுப்பு முடிவதற்குள் மறுபடியும் வந்தது.

இரண்டாம் முறை பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் கொப்புளத்தைக் கொஞ்ச நேரமும் என் முகத்தை அதிக நேரமும் பார்த்தார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறார்?"

"பம்பாயில இருந்தாருங்க. இப்ப அரபு நாட்டுக்குப் போறதுக்கு மெடிக்கல் எடுத்தாரு. அன்ஃபிட்னு சொல்லிட்டாங்க. மஞ்சக்காமாலையாம்."

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

மஞ்சள் காமாலை இல்லை. இருவருக்கும் எச்.ஐ.வி. (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் கிருமி). லப்பைக்குடிகாட்டில் விசா ஏற்பாடு செய்த பாய், என் கணவர் செல்வராஜைத் தனியே அழைத்து முன்பே சொல்லியிருக்கிறார். செல்வராஜால்தான் என்னிடம் சொல்ல முடியவில்லை. எங்கே, யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதும் இதற்கு மருந்து இருந்தது. எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

சோதனை முடிந்த சில மாதங்களில், அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாடகம் நடந்தது. நாங்கள் செல்வராஜுக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கறுப்புத் துணி போர்த்தி, மண்டை ஓட்டு முகமூடி மாட்டிய ஒருவன் பறை அடிக்கு ஆடியபடி வந்தான். அவன்தான் எய்ட்ஸ். அவன் தொட்டவர்களெல்லாம் சுருண்டு விழுந்தார்கள். கூட்டம் விசிலடித்தது. செத்தவன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தபோது சிரித்தது. செல்வராஜும் சிரித்தார். பக்கத்திலிருப்பவர் சிரிக்கும்போது சும்மா இருந்தால் சந்தேகம் வருமென்று சிரித்தார்.

மறு வருடம் காசநோயில் போய்ச் சேர்ந்தார். திருச்சியில் அவர் படுத்திருந்த வார்டில், பக்கத்துக் கட்டிலில் ஒரு புற்றுநோயாளி. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி "கேன்சருங்க" என்று வாய்விட்டுச் சொல்லி அழுவாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் வராந்தாவில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களைப் பார்க்க வந்தவர்களிடம் நான் "நெஞ்சுச் சளி" என்றேன்.

பொறாமை எனக்கு அங்கேதான் தொடங்கியது. இந்த நோயின் பக்கவிளைவுகளில் அதையும் சேர்க்கலாம். எந்த டாக்டரும் இதைச் சொல்வதில்லை. இதைப் படிக்கிற நோயாளிகள் சிலருக்காவது அது இருக்கும் என்பதால் எழுதுகிறேன். சாதாரணக் காய்ச்சல் வந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். செத்துப்போன செல்வராஜைப் பார்த்துக்கூட. அவருக்காக ஊரே அழுதது, காரணம் தெரியாமல்.

காரணம் அதிக நாள் மறைந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த என் நாத்தனார் மல்லிகாவுக்கும் எனக்கும் ஒரே வயது. காய்ச்சலில் நான் எழ முடியாத நாளெல்லாம் அவள்தான் சோறு கொண்டுவந்தாள். அதை மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாசற்படியில் வைத்துவிட்டு, "அண்ணி, வச்சிருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். உள்ளே வந்ததில்லை.

மருந்து இலவசமாகத் தருகிறார்கள் என்ற செய்தி வந்தபோது என் சிடி4 (எதிர்ப்புச் சக்தியைத் தாங்கி நிற்கும் வெள்ளை அணுக்கள்) அடிமட்டத்தில் இருந்தது. திருச்சிக்குப் போய் வந்து ஏ.ஆர்.டி. (கிருமியைக் கொல்லாமல் அடக்கிவைக்கும் கூட்டு மாத்திரை) தொடங்கினேன். முதல் வாரங்களில் வாந்தி, கெட்ட கனவு. பிறகு பசி வந்தது. பசி என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நிறுத்திடாதீங்க. நல்லாயிட்டோம்னு நெனச்சு நிறுத்துறவங்கதான் அதிகம்," என்றார் டாக்டரம்மா. இதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அதே நாடகக் குழு அதே நாடகத்தை மறுபடி போடப்போவதாகத் தெரிந்தது. குழுவை நடத்திய மாசிலாமணி சார், நோயாளிகள் கூட்டத்தில் என்னைப் பார்த்து, வெட்கத்தோடு பேசினார். "அப்ப நாங்க மக்களைப் பயமுறுத்தினதுதாங்க மிச்சம். இப்ப மாத்தி எழுதியிருக்கோம். முகமூடி கெடையாது. நோய் வந்த பொம்பளை கடைசியில சாக மாட்டா. எங்க பொண்ணு ஒருத்தி உங்ககிட்ட பேசிட்டுப் போகட்டுமா?"

வந்த பெண்ணின் பெயர் தேன்மொழி. கல்லூரி முடித்தவள், நல்ல உயரம், கன்னத்தில் குழி. என் வீட்டில் என் டம்ளரிலேயே தண்ணீர் குடித்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படி நடந்தேன் என்று காட்டினேன். அவள் செய்து பார்த்தாள். என்னைவிட நன்றாக நடந்தாள்.

பெரம்பலூரில் ஒரு திருமண மண்டபம். மாலை நாடகம். மகளிர் குழுக்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். மல்லிகாவும் அவள் குழுவோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் தேன்மொழி சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். மண்டபம் அடங்கிப்போனது. நான் அந்த நடையை நடந்தபோது தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. இங்கே முன்வரிசைக் கிழவி ஒருத்தி "ஐயோ, எங்கண்ணு" என்றாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நாத்தனார் வேடம் போட்டவள் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, காலால் தள்ளினாள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒத்திகையின்போதே கேட்டேன். "டம்ளர்னா பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குப் புரியாதுக்கா" என்றாள் தேன்மொழி. மண்டபமே அந்த நாத்தனாரைத் திட்டியது. மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ச்சீ, இவள்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

நாடகம் முடிந்ததும் பெண்கள் மேடைக்கு ஓடினார்கள். தேன்மொழியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தார்கள். மல்லிகா முண்டியடித்துப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். என் கண் முன்னால், இரண்டு கையாலும், இறுக்கி. செல்வராஜ் செத்த அன்றுகூட அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

எனக்குள் எழுந்ததைக் கோபம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது பொறாமைதான். தேன்மொழியின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வெறும் மை. சோப்பு போட்டால் போய்விடும். என் காய்ச்சல், என் நடை, என் தாகம் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். அதற்கான கண்ணீரை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று மாசிலாமணி சார் முன்பே கேட்டிருந்தார். முடியாது என்றிருந்தேன். இப்போது என் கால்கள் மேடையேறிவிட்டன. மைக்கைப் பிடித்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நோயும் இல்லீங்க. அது நல்லாயிருக்கணும். நோய் எனக்குத்தான். இவ்வளவு நேரம் நீங்க பாத்தது என் கதை."

மேடையோரம் நெருக்கிக்கொண்டிருந்த கூட்டம் பின்னால் நகர்ந்தது. யாரும் திட்டவில்லை. தண்ணீர் வடிவதுபோல மெதுவாக விலகினார்கள். சிலர் வேனுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள். தேன்மொழி மட்டும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையையும் அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

இறங்கி வரும்போது ஒரு பெண் என்னிடம் குறையாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு என்னமா அழுதுச்சு. நீங்க அழவே இல்லியே?"

வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். "மாத்திரை எங்கங்க குடுக்குறாங்க? எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு," என்றார். சொன்னேன். சில வாரம் கழித்து, திருச்சியில் மாத்திரை வாங்கும் வரிசையில் அவரே நின்றுகொண்டிருந்தார். இருவரும் தெரியாததுபோல நின்றோம். பிறகு அவர் சிரித்தார்.

அன்றைக்கு நான் பேசியதைத் தைரியம் என்று பலர் எழுதியும் சொல்லியும் இருக்கிறார்கள். தைரியத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்கு அது வரவில்லை. வந்தது வேறு. அதை வைத்தே நாலு படி ஏற முடிந்தது.

நாடகம் நடந்த அன்று மல்லிகா வேனில் போகவில்லை. என்னோடு குன்னம் பஸ்ஸில் ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, நான் கொட்டாங்குச்சியிலயா குடுத்தேன்?"

"இல்ல மல்லிகா. எவர்சில்வர்தான்."

"நல்ல டம்ளர்தானே?"

"நல்ல டம்ளர்தான்."

அதன்பின் பல மாதம் அவள் என்னோடு பேசவில்லை. வாசற்படியில் எதையும் வைக்கவும் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. நானே சமைத்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பு தேறியிருந்தது.

போன வருடம் மாத்திரைப் பட்டையின் எழுத்து எனக்கு மங்கத் தொடங்கியது. கிருமி கண்ணுக்குப் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அப்படிப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அரியலூரில் கண் டாக்டரிடம் நோயைச் சொல்லிவிட்டே உட்கார்ந்தேன். அவர் விளக்கடித்துப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெள்ளெழுத்து. நாப்பது வந்தா எல்லாருக்கும் வர்றதுதான்."

"எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்."

கண்ணாடி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சிமென்ட் லாரிகள் போகும் அந்தத் தூசித் தெருவில் நின்று சிரித்தேன். நாற்பது எனக்கு வருமென்று யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு காய்ச்சலையும் கடைசியென்று நினைத்த உடம்பு, யாரையும் கேட்காமல் மற்றவர்களைப் போல வயதாகிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒருநாள் மதியம் என் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்தாள்.

"எனக்கும் ஊசியில நூல் கோக்க முடியல அண்ணி. கலங்கலாத் தெரியுது."

பதிலுக்குக் காத்திருக்காமல் என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நூல் முதல் தடவையே நுழைந்தது.

"நல்லாத் தெரியுதே," என்றாள்.

கண்ணாடி இல்லாமல் அவள் முகம் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அவளுக்கும் நாற்பது. எனக்கும் நாற்பது.