சதாசிவம் நிறுத்திய மாத்திரை

மலேசியாவில் சிம்பாங் ரெங்கம் என்ற ஊரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் மெஷின் பழுது பார்ப்பவர் சதாசிவம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் தன்னைக் கெடுத்தது என்று இப்போது சொல்கிறார். ஓடுகிற மெஷினுக்கு மருந்து எதற்கு என்று நினைத்துவிட்டாராம்.

அவர் மனைவி பிரேமலா தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைப்பவர். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மீகூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பிரட்டிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிற ஆள். அவருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் என்ன வந்தது என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் நின்றால் நின்றபடியே இருப்பார். எந்தத் துக்கமும் நடந்திருக்கவில்லை. ஒரே மகள் ஷர்மினி சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தாள். "மனசு கல்லாட்டம் கனக்குதுங்க" என்பதற்கு மேல் பிரேமலாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் மனச்சோர்வு நோய் என்றார்கள். செர்ட்ராலின் என்ற மாத்திரை, தினமும் ஒன்று. மருந்து கொடுக்கும் இடத்தில் மலாய்ப் பெண் ஒருவர் சதாசிவத்தைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். உடனே குணம் தெரியாது, சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டும். நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்துவதானால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சதாசிவம் தலையை ஆட்டினார். காரைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். நினைப்பெல்லாம் அதில் இருந்தது.

முதல் இரண்டு வாரம் பிரேமலாவுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. கை லேசாக நடுங்கியது. இருந்தும் டாக்டர் சொன்னாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். ஆறாவது வாரம் ஒரு காலையில், "ஈரத் துண்ட மெத்தையில போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினார். திட்டு வாங்கியதற்காகச் சதாசிவம் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். மூன்று மாதத்தில் பிரேமலா கேன்டீனுக்குத் திரும்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஷர்மினிக்குக் கல்யாணம் முடிவானது. அம்மாவின் நோயையும் மருந்தையும் அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ரூபேந்திரன் பொந்தியான் ஊர்க்காரர். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை தண்ணீர் எடுக்கச் சமையல்கட்டுக்குள் போனார். ஐஸ்பெட்டி மேல் மாத்திரை அட்டை கிடந்தது. அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சதாசிவத்துக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பேச்சை எடுத்தார்.

"நல்லாத்தான இருக்க பிரேமா. இன்னும் எதுக்கு இந்த மருந்து?"

"நல்லா ஆன பெறகும் ஆறு மாசமாச்சும் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாங்களே."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க லா. கல்யாண வீட்டுக்குப் பத்துப் பேரு வருவாங்க. என்ன மாத்திரைன்னு கேட்டா?"

"பிரஷர் மாத்திரைன்னு சொல்லிக்கிறேன்."

"அட்டையப் படிச்சுப் பாக்கத் தெரியாதவங்களா அவங்க? நாளைக்கு ஷர்மினியத்தான் பேசுவாங்க. அவ வாழ்க்கைய யோசிச்சுப் பாரு."

மகள் பெயரைச் சொன்னதும் பிரேமலா அடங்கிவிட்டார். சதாசிவம் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தார்.

மூன்றாம் நாள் பிரேமலாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. "கண்ணத் திருப்பினா மண்டைக்குள்ள கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். காரணமில்லாமல் அழுகை வந்தது. கண்ணை மூடினால் பயங்கரக் கனவு.

"பாத்தியா, அந்த மருந்துக்கு அடிமையாயிட்ட. அதான் ஒடம்பு கேக்குது. பல்லக் கடிச்சிக்க, போயிடும்" என்றார் சதாசிவம்.

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பர் மருந்துப் பையிலேயே இருந்தது.

முகூர்த்தத்தன்று கோயில் மண்டபத்தில் நானூறு பேர். தாரை வார்க்கிற நேரம் நெருங்கியது. அப்பா மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மேளம் உச்சத்தில் இருந்தபோது பிரேமலாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்தார். பட்டுச் சேலையிலேயே வாந்தி எடுத்தார். இரண்டு பேர் தாங்கிப் பின்னறைக்குக் கூட்டிப் போனார்கள். நேரம் போகிறது என்றார் ஐயர். தம்பதியாகத்தான் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் சதாசிவத்தின் அக்காவும் அத்தானும் மணவறைக்குப் போய் நின்றார்கள். பெற்ற தகப்பன் ஓரமாக நின்று பார்த்தார். தாலி ஏறியபோது அடித்த மேளத்தைப் பிரேமலா பின்னறையில் படுத்தபடி கேட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம், "சாப்பாடு ஒத்துக்கல" என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்தார் சதாசிவம். மாப்பிள்ளை வீட்டில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். பெண்ணின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, வேண்டுமென்றே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார் என்று. அதை ஷர்மினியும் நம்பினாள். பக்கத்திலேயே மாப்பிள்ளை பார்த்திருக்கலாம் என்று ஆரம்பத்தில் பிரேமலா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அது மகளின் மனதில் தங்கியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பாவுக்கு மட்டும்தான் போன் செய்தாள். சதாசிவத்துக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மருந்துக் கதை முழுக்க வெளியே வரும்.

தலைசுற்றல் சில வாரத்தில் தானாக நின்றது. தான் சொன்னது சரிதான் என்று சதாசிவம் நிம்மதியானார். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பழைய நோய் திரும்பியது. இந்த முறை கடுமையாக. பிரேமலா கேன்டீன் வேலையை விட்டார். தலை வாருவதை விட்டார். ஒரு மத்தியானம், காலை ஷிஃப்ட் முடிந்து சதாசிவம் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"ஷர்மினிக்கு ஒரு வாழ்க்க அமைஞ்சிருச்சு. நீங்களும் சமாளிச்சிக்குவீங்க. இனிமே நான் எதுக்குங்க இருக்கணும்?" என்றார். நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற குரலில்தான் கேட்டார்.

சதாசிவம் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கையைப் பிடித்து எழுப்பிக் காரில் உட்கார வைத்து நேரே மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஒரு கையால் மனைவியின் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

அங்கே இருந்தவர் தர்ஷனா என்ற இளம் டாக்டர். பிரேமலாவிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். அன்றைக்கே வார்டில் சேர்த்தார். பிறகு சதாசிவத்தை உள்ளே கூப்பிட்டார்.

"மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது அங்கிள்?"

பொய் சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நான்தான் மா" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அந்த நேரத்துல வந்த தலைசுத்தல், கரண்டு அடிக்கிற மாதிரி இருந்ததெல்லாம் டக்குனு நிறுத்தினதால அங்கிள். போதை மாதிரி அடிமையாயிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. மூளை அந்த மருந்துக்குப் பழகியிருக்கும், மெதுவா எறக்கணும். ஆன்ட்டி நல்லா இருந்தாங்கன்னா, அது மருந்து வேல செஞ்சதால. அதுக்குள்ள எடுத்துட்டா சீக்கு திரும்பி வரதுக்கு ரொம்ப சான்ஸ் இருக்கு."

மறுபடியும் குறைந்த அளவில் ஆரம்பிப்பதாகச் சொன்னார். இந்தத் தடவையும் குணம் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் ஆன்ட்டியைத் தனியாக விடக்கூடாது. பதற்றம் கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும். வலி மருந்தோ நாட்டு மருந்தோ, எது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டும். சதாசிவம் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, ஃபேக்டரித் துண்டுச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினார். சில வாரம் ஆகும், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்று அந்த மலாய்ப் பெண்ணும் சொல்லியிருந்தார் என்பது எழுதும்போது நினைவுக்கு வந்தது.

பிரேமலா வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, மெல்ல முகம் தெளியத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சதாசிவம் பொந்தியானுக்குப் போனார். அக்கா வந்து பிரேமலாவோடு இருந்தார். மகளின் வீட்டு வரவேற்பறையில் கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. தாரை வார்க்கும் படம். அதில் அக்காவும் அத்தானும் நின்றார்கள். அதைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். மருமகன் பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

ஷர்மினியும் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எட்டு மாசமா அம்மாவ நான் தப்பா நெனச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களாப்பா?"

"ஆமா மா."

"எதுக்குப்பா?"

"ஒன்னப் பத்தித் தப்பாப் பேசிடுவாங்களோன்னு…"

"எங்க அம்மாவே ரெண்டு வருஷம் இந்த மாத்திரதான் சாப்பிட்டாங்க மாமா" என்றார் ரூபேந்திரன் மெதுவாக. "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

அதைக் கேட்டபோது வந்த வெட்கத்தைச் சதாசிவம் இன்னும் சுமக்கிறார். யாருக்குப் பயந்து அதைச் செய்தாரோ, அவர்களிடம் பயப்பட ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

ஷர்மினி அன்று மாலையே அவரோடு புறப்பட்டு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சதாசிவமும் அன்றுதான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். 

"நீங்க கெட்டது நெனச்சு செய்யல, எனக்குத் தெரியும். ஆனா எம்புள்ளைக்கு நான் தண்ணி ஊத்தல. அத யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது" என்றார் பிரேமலா. பிறகு எழுந்து போய் மகளுக்குத் தேத்தண்ணி கலக்கினார்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரேமலா மறுபடி கேன்டீனில் சமைக்கிறார். மாத்திரையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். நிறுத்துவது பற்றி டாக்டரிடம் தானே கேட்டிருக்கிறார். இன்னும் சில மாதம் போகட்டும், பிறகு மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். சதாசிவத்திடம் அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். யோசனை கேட்கவில்லை.

மாதாமாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது சதாசிவம்தான். பெயரைக் கூப்பிட்டதும் அவரும் கூடவே எழுந்திருப்பார்.

"நீங்க உக்காருங்க, நான் போய்ட்டு வரேன்" என்பார் பிரேமலா.

அவர் குரலில் கோபம் இருப்பதில்லை. சதாசிவம் உட்கார்ந்துகொள்வார். கதவு சாத்திக்கொள்ளும்.