கம்பளத்தைக் கண்டால் ஓடுபவர்

சமையலறையிலிருந்து கழிப்பறை வரை விரித்திருக்கும் கம்பளத்தின் மேல், காலில் கத்தி வைத்த ஐஸ் ஸ்கேட்ஸோடு, குனிந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறார் விப்ரன். ஒரு கை முதுகில் மடங்கியிருக்கிறது. மற்றதில் காப்பிக் கோப்பை.

"கம்பளமெல்லாம் பஞ்சாப் போச்சு! உனக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு குதிரைக்கு வாக்கப்பட்டிருக்கலாம். அதுவாவது லாயத்துல நிக்கும்" என்கிறாள் மனைவி ஹிஸ்கே.

"கால்வாய்ப் பாலத்துக்கு அடியில ஐஸ் தாங்காதுல்ல? கரையேறி, கம்பளத்து மேல ஓடித்தானே அந்தப் பக்கம் இறங்கணும்? ரேஸே அங்கதான் இருக்கு ஹிஸ்கே."

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் நெடுந்தூர ஸ்கேட்டிங் பந்தயக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விப்ரன் அளவுக்கு இரண்டாவதாக வந்து சலித்தவர் யாருமில்லை. தொடைகள் உரல் மாதிரி. கடையில் விற்கும் கால்சட்டை எதுவும் முழங்காலுக்கு மேல் ஏறாது. ஹிஸ்கே இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்துக் கொடுக்கிறாள். கொட்டிலில் உள்ள பசுக்களுக்கெல்லாம் அவரை முந்தியவர்களின் பெயர். "யெல்மர், காலை எடுடி!" என்று அதட்டிக்கொண்டே பால் கறப்பார். கேட்டால், "அந்தப் பேரைச் சொன்னாத்தான் கைக்கு வேகம் வருது" என்பார்.

உள்ளரங்க ஐஸில் செக்குமாடாகச் சுற்றியது போதும், கால்வாய் ஐஸில் ஒரே ஒரு முறை ஜெயித்துவிட்டு ஸ்கேட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குளிர்காலங்களோ வெறும் மழையாகப் பெய்து ஓய்ந்தன.

போன ஜனவரியில் ஒருவழியாகக் கால்வாய் உறைந்தது. கடைசிப் பாலத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார் விப்ரன். பின்னால் ஒரு ஈ, காக்கை இல்லை. கரையேறினார். கம்பளம் கிடந்தது. குனிந்த தலை நிமிராமல் ஓடினார். கம்பளம் ஒரு தோட்டத்துக்குள் போயிற்று, ஓடினார். படியேறிற்று, அவரும் ஏறினார். நிமிர்ந்தபோது, வட்டமாக நாற்காலி போட்ட ஒரு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அன்று ரொட்டிக்கடைக்காரர் துர்க்குக்குப் பிறந்தநாள். விருந்தாளிகளின் ஈரக் காலணிக்காக விரித்த கம்பளம் அது. பந்தயக் கம்பளம் நாலு முழம் தள்ளிக் கிடந்தது.

"அடடே, விப்ரனா! வா, வா!"

பிறந்தநாள் வீட்டில் கால் வைத்தவர், வட்டத்தில் உள்ள அத்தனை பேர் கையையும் குலுக்கி வாழ்த்த வேண்டும். இல்லையென்றால் அந்த ஊரில் அதற்கப்புறம் முகம் காட்ட முடியாது. விப்ரன் கையுறையோடு அவசர அவசரமாகக் குலுக்க ஆரம்பித்தார். துர்க்குக்கு வாழ்த்து. "புருஷனுக்குப் பிறந்தநாளு, வாழ்த்துகள்!" என்று துர்க்கின் மனைவிக்கு. "மச்சானுக்குப் பிறந்தநாளு, வாழ்த்துகள்!" என்று அவள் தம்பிக்கு.

"யோவ், ரேஸ் என்னாச்சு?" என்றான் தம்பி.

"நான்தான் முதல்ல வர்றேன்" என்றார் விப்ரன்.

"அப்ப என்ன அவசரம்? உக்காந்து கேக் சாப்பிடு!"

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே, சரியான கம்பளத்தில், யெல்மர் என்ற மனிதன் தடதடவென்று ஓடிப்போனான். வட்டத்தில் இன்னும் பாதிப் பேர் மிச்சம். விப்ரன் வாசலைப் பார்த்தார். பிறகு வலது கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த நாற்காலியில் இருந்த துர்க்கின் மாமியாரிடம் கையை நீட்டினார்.