தேவகி வாங்கிய ஒட்டு வீணை

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். தேவகியின் தம்பி போன் செய்தார். "அண்ணா, அக்கா போய்ட்டாங்க." ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஆம்பூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

துக்க வீட்டில் ஒருவர் பேசியது காதில் விழுந்தது. "ஏழு வருஷம் வீணை கத்துகிட்டு இன்னா பிரயோஜனம்? ஒரு கச்சேரிகூட பண்ணல." சாவு வீடு என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடமாட்டேன்.

மிருதங்கத்துக்குத் தோல் விற்று முன்னுக்கு வந்து, வேலூரில் வாத்தியக் கடை வைத்தவன் நான். ஆம்பூர் ஷூ பேக்டரியில் செக்கிங் வேலை பார்த்த தேவகி, நாற்பத்தாறு வயதில் என் கடைக்கு வந்தார். "எனக்குத்தான் அண்ணா. கத்துக்கப் போறேன். கம்மி விலையில ஒரு வீணை காட்டுங்க."

புதுசாகக் கற்க வந்தவர், விவரம் தெரியாது என்று நினைத்து, மயில் செதுக்கிய பளபளப்பான வீணையை எடுத்து வைத்தேன். தரையில் உட்கார்ந்தார். தோலில் குறை தேடிப் பழகிய கட்டைவிரலால் கம்பிக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுகளில் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டினார். இரண்டு இடத்தில் கம்பி இரைந்தது. கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகினார்.

"இது திருகுனா நிக்கணும்தானே அண்ணா? வழுக்கினு போவுதே."

எனக்கு முகம் செத்துவிட்டது.

மாடியில் கிடந்த ஒட்டு வீணையை இறக்கினேன். உருண்டைக் குடமும் நீளமான தண்டியும் தனித்தனியாகச் செய்து ஒட்டியது. வேலைப்பாடு கிடையாது, விலை பாதிகூட இல்லை. எல்லா மெட்டும் சுத்தமாகப் பேசியது. அதையே வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் வீணையோடு திரும்பி வந்தார். சேரப் போன இடத்தில், ஒட்டு வீணை என்று பார்த்ததும் வாத்தியார் பாடம் எடுக்க மறுத்துவிட்டாராம். ஒரே மரத்தில் குடைந்த வீணை வாங்கி வந்தால்தான் சேர்ப்பாராம். என் கடைக்கு நிறைய ஆள் அனுப்புகிற வாத்தியார் அவர். நானும் வியாபாரிதானே? "மாத்திக்கோம்மா, அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன்" என்றேன்.

"வீணை நல்லாத்தான் கீது. வேற வாத்தியார் அட்ரஸ் இருந்தா குடுங்க."

கொடுத்தேன். விரிஞ்சிபுரத்தில் ஒரு அம்மா. ஏழு வருஷம், ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் போய்க் கற்றுக்கொண்டார்.

போன ஆயுத பூஜைக்கு பேக்டரிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். செக்கிங் டேபிளை ஓரம் தள்ளி, பாய் விரித்து, வாசிக்க உட்கார்ந்தார். "சீக்கிரம் முடிக்கா, பிரியாணி ஆறிடப் போவுது" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கலாய்த்தார்கள். "போய்த் துன்னுட்டு வாங்கடி. நான் எங்க ஓடப் போறேன்?" என்றார். போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகத் தட்டோடு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அது கச்சேரி இல்லை என்பவர் என் கடைக்கு வந்து நேரில் சொல்லட்டும்.

தேவகியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பிடிவாதம். கற்க வருகிறவருக்கு இப்போதெல்லாம் முதலில் ஒட்டு வீணையைத்தான் காட்டுகிறேன். அதை வைத்தே சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெயரை பில்லின் பின்னால் எழுதித் தருகிறேன். விஷயம் தெரிந்து, அந்தப் பெரிய வாத்தியார் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தட்டும்.